உறைவெதிர் மருந்தும் அதனைக் கையாளும் முறையும்



வைத்திய சாஸ்திரத்தின் ஏதேனும் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விளங்கும்படி தமிழில் எடுத்துரைக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் நியதி. எதைப் பேசுவது என்று யோசித்தபோது, மிகப் புதியதும் வியப்பூட்டுவதுமான ஓர் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு உங்களை மகிழ்விக்கலாமே என்ற ஆசை எழாமலில்லை. ஆயினும், இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போரில் சிலர் இன்று இரவே விழுங்கப்போகும் ஒரு சிறு மாத்திரையைப் பற்றி, அதனை எழுதிக்கொடுத்த மருத்துவர் நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றைச் சொல்வதே பிரயோஜனமுள்ள காரியம் என்று தீர்மானித்தேன். நாளங்களுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகளையே குறிப்பிடுகிறேன். ‘வால்வு மாத்திரை’ என்றும், ‘ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை’ என்றும், ‘பிளட் தின்னர்’ என்றும் நம்மவர் வாயில் வழங்குவது அதுதான்.

பெரும்பாலான மருந்துகளில், நோயை நிர்ணயித்து அளவை எழுதிக்கொடுப்பதோடு மருத்துவரின் வேலையும், தவறாமல் விழுங்குவதோடு நோயாளியின் வேலையும் முடிந்துபோகின்றன. இம்மருந்திலோ எழுதிக்கொடுப்பது காரியத்தின் மிகச் சிறு பங்கே. எஞ்சிய பெரும்பங்கு நோயாளியின் கையிலும், அவர் வீட்டு அடுக்களையிலும், பரிசோதனைக்கூடத்திலும், தெருமுனை மருந்துக்கடையிலும் சிதறிக் கிடக்கிறது. அந்தப் பங்குகள் ஒன்றையொன்று அறியாதிருப்பதனாலேயே இம்மருந்தின் விபத்துக்களில் பெரும்பாலானவை நேர்கின்றன என்பது என்னுடைய துணிபு. இன்று நான் சொல்ல விரும்புவதன் சாரமும் அதுவே.

இரத்தம் உறைவது இயல்பில் தீமையன்று. அரிவாள்மணையில் விரல் பட்டால் சில நிமிஷங்களில் குருதி தானே நின்றுவிடுவது உடம்பு நமக்குச் செய்யும் பேருபகாரம். நாளத்துக்குள் ஓடும்போது திரவமாகவும், அதனைவிட்டு வெளிப்பட்டதும் திடமாகவும் மாற வேண்டிய இந்த விசித்திரமான பொருள், காயமே இல்லாத இடத்தில், நாளத்தின் உள்ளேயே கட்டிக்கொள்ளத் தொடங்கும்போதுதான் உபகாரம் அபாயமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், நுரையீரலின் தமனியை அடைத்து மனிதனைக் கொல்லும் குருதிக்கட்டி பெரும்பாலும் அங்கேயே தோன்றியதன்று, காலின் சிரைகளில் தோன்றி இரத்த ஓட்டத்தோடு வந்து சேர்ந்தது என்று நிறுவியவர் ஜெர்மானிய மேதை ருடால்ஃப் விர்ஹோ. ஓட்டம் மந்தப்படுதல், நாளத்தின் உட்சுவர் பழுதுபடுதல், இரத்தமே உறையும் நாட்டம் மிகுதல் என்னும் மூன்று காரணங்களை இன்றும் அவர் பெயராலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் மூதாட்டிக்கும், பிரசவித்துச் சில நாட்களே ஆன இளம் தாய்க்கும், புற்றுநோயால் வாடுபவருக்கும் காலில் திடீரென வீக்கமும் வலியும் கண்டால் மருத்துவர் பதறுவது இக்காரணங்களை அறிந்ததனால்தான்.

இதயத்திலும் இவ்விதமே நேர்கிறது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் படபடத்துத் துடிக்கும் நோய் ஒன்று உண்டு. அதில், ஓட்டம் மந்தித்த வாய்க்காலில் வண்டல் படிவதுபோல, இடது மேலறையின் ஒரு மூலையில் குருதி தேங்கிக் கட்டியாகி, ஒரு நாள் பெயர்ந்து மூளைக்குச் சென்று, பேசிக்கொண்டிருந்தவரின் வாயைக் கோணச் செய்து கையையும் காலையும் செயலற்றவையாக்கிவிடும். இந்நோயுடையவருக்குப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு மற்றவரைக்காட்டிலும் ஏறக்குறைய 5 மடங்கு. இம்மருந்துகளில் ஒன்றாகிய வார்ஃபரினைத் தக்க முறையில் உட்கொண்டால் அவ்வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு அற்றுப்போகும். நம் தேசத்தில், இதயத்தில் குருதி கட்டுவதற்கு மற்றொரு வாயிலும் உண்டு. சிறுவயதில் வந்த தொண்டை அழற்சியை அலட்சியம் செய்ததன் பலனாக, மூட்டுக்களை வீங்கச் செய்யும் வாதக்காய்ச்சல் தோன்றி, அது இதயத்தின் வால்வைச் சுருக்கிவிடுகிறது. அவ்வாறு கெட்ட வால்வுக்குப் பதிலாக உலோகத்தாலும் கரிமத்தாலும் ஆன செயற்கை வால்வைப் பொருத்திக்கொண்டவர்களின் உடம்பு, அந்த அந்நியப் பொருளின்மேல் குருதியைக் கட்டவைக்க ஓயாது முயன்றுகொண்டே இருப்பதனால், அவர்களுக்கு இம்மருந்து ஆயுட்காலம் வரை வேண்டும்.

மருந்து உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்று ஐயுறுவோருக்காக ஒரு பழைய பரிசோதனையைச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்களான பாரிட், ஜோர்டன் என்னும் இருவர், நுரையீரல் தமனி அடைப்புக் கண்ட 35 பேரைச் சீட்டுப்போட்டாற்போல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உறைவெதிர் மருந்துகளான ஹெபாரின் ஊசியும் அசினோகூமரால் மாத்திரையும் கொடுத்தனர்; மறுபிரிவுக்குக் கொடுக்கவில்லை. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பினால் மாண்டனர். வேறு 5 பேருக்கு அடைப்பு மீண்டும் வந்தது. மருந்து பெற்ற 16 பேரில் ஒருவர்கூட அடைப்பினால் மாளவில்லை. இத்தகைய பரிசோதனையை மறுபடி நடத்த மனிதாபிமானமுள்ள எவரும் துணியவில்லை. அவர்கள் கொடுத்த அதே அசினோகூமரால்தான் இன்றும் நம் மருந்துக்கடைகளில் மிகுதியாக விற்பனையாகிறது.

இம்மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு, திட்டமிட்டு நடந்ததைவிடத் தற்செயலாக நேர்ந்ததே அதிகம் என்பதற்கு நல்ல திருஷ்டாந்தம். 1916இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜே மக்ளீன் என்னும் மாணவர், பேராசிரியர் ஹவலின் ஆணைப்படி இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஈரலிலிருந்து எடுத்த ஒரு சத்து அதற்கு நேர்மாறாக உறையவிடாமல் தடுப்பதைக் கண்டார். அதிலிருந்து கிளைத்ததே ஹெபாரின். 1930களில் டொரான்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் அதனைச் சுத்திகரித்த பின்னரே மனிதருக்குக் கொடுக்க முடிந்தது.

வார்ஃபரினின் கதை இன்னும் ரசமானது. 1920களில் வட அமெரிக்காவின் புல்வெளிகளில், கொம்பு சீய்த்தலும் காயடித்தலும் போன்ற அற்பக் காயங்களிலேயே மாடுகள் இரத்தம் நில்லாமல் பெருகிச் சாகலாயின. ஈரத்தில் பூசணம் பிடித்த ‘ஸ்வீட் க்ளோவர்’ என்னும் தீவனமே காரணம் என்று ஸ்கோஃபீல்ட், ரோடரிக் என்னும் கால்நடை மருத்துவர்கள் கண்டறிந்தனர். ஆனால் அதிலுள்ள நஞ்சு எது என்பது விளங்கவில்லை. 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், எட் கார்ல்சன் என்னும் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி, செத்துப்போன தம் கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரம் வந்து, திறந்திருந்த கதவொன்றினுள் நுழைந்தார். அது கார்ல் பால் லிங்க் என்பவரின் உயிர் இரசாயன ஆய்வுக்கூடம். தீவனத்தை நிறுத்தச் சொல்வதைத் தவிர லிங்க் அன்று அவருக்கு வேறொன்றும் செய்ய இயலவில்லை. ஆயினும் அந்த இரத்தம் அங்கிருந்தோரின் மனத்தை விட்டு அகலாமல், 6 ஆண்டுகள் உழைத்து, 1939இல் அந்த நஞ்சாகிய டைகூமரால் என்னும் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுக்கும்வரை அவர்களை ஓயவிடவில்லை. அதன் சந்ததியாகிய வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1951இல் அமெரிக்கப் படைவீரர் ஒருவர் சாக நினைத்து அதனை விழுங்கியும், வைட்டமின் கே கொடுக்கப்பட்டு முற்றிலும் குணமடைந்தார். மாற்று இருக்கிறது என்னும் தைரியம் பிறந்தது. 1954இல் மனிதருக்கு உகந்த மருந்தாக அங்கீகாரம் கிடைத்து, மறு ஆண்டில் மாரடைப்புக் கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அது கொடுக்கப்பட்டது. எலிக்கு வைப்பதையா எனக்குத் தருகிறீர்கள் என்று கோபிக்கும் நோயாளிகளிடம், அதிபருக்குக் கொடுத்ததைத்தான் தருகிறோம் என்று பதில் சொல்லலாம்.

இனி, இது வேலை செய்யும் விதம். இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் நான்கினை ஈரல் செய்து முடிப்பதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரினும் அசினோகூமராலும் அந்த வைட்டமின் மீண்டும் மீண்டும் பயன்படாதபடி தடுத்து, புரதங்களைக் குறைபாடுள்ளவையாகச் செய்துவிடுகின்றன. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்கள் தாமே அழிய வேண்டுமல்லவா? அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதனால்தான் காலில் கட்டி கண்டவருக்கு முதல் 5 நாளேனும் ஹெபாரின் ஊசியையும் மாத்திரையையும் சேர்த்தே கொடுக்கிறோம். மாத்திரை வந்துவிட்டதே, ஊசி எதற்கு என்று வீட்டார் பிடிவாதம் செய்து நிறுத்திவிடுவது பெருந்தவறு. இன்று மாற்றிய அளவின் பலனும் இன்று தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்தே தெரியும். பொறுமையில்லாத மருத்துவரை இம்மருந்து பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

அளவு எவ்வளவு என்று முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. ஒரே வயதும் ஒரே எடையுமுள்ள இருவரில் ஒருவருக்கு 1 மில்லிகிராமும் மற்றவருக்கு 4 மில்லிகிராமும் வேண்டியிருக்கலாம். ஆகவே அளவைத் தீர்மானிப்பது மாத்திரையின் எடையன்று, பரிசோதனையில் கிடைக்கும் எண். முன்னாட்களில் ஒவ்வொரு கூடமும் வெவ்வேறு இரசாயனப் பொருளைப் பயன்படுத்தியதால், ஒரே இரத்தம் ஓர் ஊரில் ஒரு விடையும் மற்றோர் ஊரில் வேறு விடையும் தந்தது. இக்குழப்பத்தைத் தீர்த்து, 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்னும் பொதுப் பிரமாணத்தை ஏற்படுத்தியது. மருந்து உண்ணாத சாதாரண மனிதருக்கு அந்த எண் 1ஐ ஒட்டியிருக்கும். காலில் கட்டி கண்டவருக்கும், இதயம் ஒழுங்கின்றித் துடிப்பவருக்கும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். இதயத்தின் மைட்ரல் வால்வைச் செயற்கையாக மாற்றிக்கொண்டவருக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. அதற்குக் கீழே போனால் கட்டி விழும். மேலே போகப்போக இரத்தக் கசிவின் பயம் பெருகும். தம் சர்க்கரை எத்தனை, பிரஷர் எத்தனை என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் நம் மக்கள், தம் ஐ.என்.ஆர். எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்டால் விழிப்பதைக் காணும்போது, குற்றம் அவர்களுடையதன்று, சொல்லிக்கொடுக்காத நம்முடையது என்றே கருதுகிறேன்.

வீட்டுக்குள் வருவோம். மாத்திரையை இரவில் உண்பது வழக்கம்; காலையில் சோதித்த எண்ணைப் பார்த்து அன்றைய அளவையே மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. மறந்துபோனதை அன்றே நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாள் நினைவு வந்தால் இரட்டிப்பாக உண்ணாமல், மறந்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டவேண்டும். ஒருநாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 என்று மாற்றி மாற்றி எழுதப்பட்டிருந்தால், கண் மங்கிய முதியவர் தாமே பிரித்தெடுப்பதை நம்பியிராமல் வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது. அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடையில் வாங்கும்போது பெயரை மட்டுமன்றி மில்லிகிராமையும் படித்துப் பார்த்தே வாங்கவேண்டும்.

கீரையைப் பற்றி நம்மிடையே பரவியிருக்கும் பயம் மிகையானது. முருங்கைக்கீரை, பசலை, முட்டைக்கோஸ் முதலியவற்றில் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மை. அதிகமாக உண்டால் எண் இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் அதிலிருந்து, கீரையையே தொடக்கூடாது என்று விதிப்பது தவறான முடிவு. வைட்டமின் கே மிகக் குறைவாக உண்போரிடமே எண் அதிகமாகத் தள்ளாடக் காண்கிறோம். ஏனெனில் என்றோ ஒருநாள் விருந்தில் ஒரு கரண்டி கீரை உண்டாலும் அவர்களுக்கு அது பெரிய மாறுதல். வாரத்தில் மூன்று நாள் கீரை உண்டு பழகியவர் அந்தக் கிரமத்திலேயே உண்ணட்டும். அவருடைய உணவுக்கு ஏற்றபடி மருந்தைச் சரிசெய்வது மருத்துவரின் கடமை. மூன்று நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நீடித்த உபவாசம், மதுபானம் ஆகியவையே எண்ணைச் சட்டென்று ஏற்றிவிடும் உண்மையான சத்துருக்கள். சாப்பாடு செல்லாத நாட்களில் மாத்திரை மாத்திரம் தவறாமல் சென்றுகொண்டிருப்பது ஆபத்து.

கீரைக்கு நடுங்குகிற அதே மனிதர், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை அச்சமின்றி விழுங்குகிறார் என்பதுதான் வேடிக்கை. இவ்வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்குவதோடு, இரத்தத் தட்டுக்களின் வேலையையும் கெடுப்பதால், ஐ.என்.ஆர். சரியாக இருக்கும்போதே கசிவு உண்டாகும். எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்திருப்பவர் கறுப்பு மலம் கண்டபின் விழித்துக்கொள்வார். வலிக்குப் பாரசிட்டமாலே தக்கது. அதையும் முழு அளவில் பல நாள் உண்பதானால் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், பூஞ்சை நோய்க்கான ஃபுளூகோனசோல், இதயத்துக்கே கொடுக்கும் அமியோடரோன் முதலியவை எண்ணை ஏற்றுகின்றன. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதனை வெகுவாக இறக்கிவிடும். அதற்கு ஈடாக உயர்த்திய உறைவெதிர் மருந்தை, காசநோய்ச் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்திய பின்னும் அதே அளவில் தொடர்ந்தால், சில வாரங்களில் எண் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இரண்டு வைத்தியர்களும் ஒருவரையொருவர் அறியாமலிருப்பதன் விளைவு இது. உள்ளடக்கம் எழுதப்படாத சூரணங்களையும் லேகியங்களையும் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, நம் நாட்டுக்கே உரியதென்று சொல்லத்தக்க பழக்கம். காய்ச்சல் என்று போனால், ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்ததாக நோயாளிக்கும் திருப்தி, மருத்துவருக்கும் மரியாதை. உறைவெதிர் மருந்து உண்பவரின் பிட்டத்துத் தசையில் போடப்பட்ட ஓர் ஊசி, உள்ளே இரத்தம் பெருகிக் கட்டி, நரம்பை அழுத்தி, வாரக்கணக்கில் படுக்கவைத்துவிடக்கூடும். ஆகவே, “நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், தசையில் ஊசி வேண்டாம்” என்று சொல்லும் தைரியத்தை நோயாளி பெறவேண்டும். தடுப்பூசிக்கு இது தடையன்று; மெல்லிய ஊசியால் போட்டு, அவ்விடத்தைச் சில நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். பல் பிடுங்கவும் அறுவைக்கும் முன்னால் மாத்திரையைத் தாமே நிறுத்திக்கொள்வது கூடாது. பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை.

கருவுற விரும்பும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரைக் கலந்துகொள்ளவேண்டும். கர்ப்பத்தின் 6ஆவது வாரத்துக்கும் 12ஆவது வாரத்துக்கும் இடையில் வார்ஃபரின் சிசுவின் அங்கங்களைப் பாதிக்கக்கூடும். ஹெபாரினோ நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆயினும் செயற்கை வால்வு உடையவர் பயந்துபோய் மாத்திரையைத் தாமே விட்டுவிட்டால் வால்வே அடைத்துக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் முதலிய புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றன. இவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கவலை இல்லை, மூளையில் கசிவும் குறைவு. கால் சிரைக் கட்டிக்கும், வால்வு கெடாத இதயத் துடிப்பு நோய்க்கும் இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பரிசோதனை இல்லாத சௌகரியத்துக்குள்ளேயே ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது: எண் பார்க்க வராதவரை எவரும் பார்ப்பதில்லை. இவற்றின் பலன் ஒரு நாளுக்குள் தேய்ந்துவிடுவதால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இரண்டு நாள் நிறுத்தினாலே காவல் போய்விடும். ரிவராக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளை உணவோடு உண்ணாவிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. டாபிகாட்ரானில் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது தேங்கி நஞ்சாகும். வருஷத்துக்கு ஒருமுறையேனும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தே தீரவேண்டும்.

செயற்கை வால்வு உடையவருக்கு இப்புதிய மாத்திரைகள் உதவா. டாபிகாட்ரானை அவர்களிடம் சோதித்தபோது கட்டியும் கசிவும் இரண்டுமே மிகுந்ததனால் அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டு, 2013இல் முடிவு வெளியாயிற்று. வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டு இதயம் ஒழுங்கின்றித் துடிப்போர் சுமார் 4,500 பேரிடம் 24 நாடுகளில் நடந்த இன்விக்டஸ் என்னும் ஆராய்ச்சி, 2022இல் பலருடைய எதிர்பார்ப்புக்கு மாறாக, பழைய மருந்தை உண்டவர்களிடையே மரணம் குறைவு என்றும், கசிவு அதனால் மிகவில்லை என்றும் காட்டியது. செல்வ நாடுகளில் பழைமையாகிப்போன மருந்து நம் ஏழை நோயாளிகளுக்கு இன்னும் முதன்மையானதே.

எந்த உறைவெதிர் மருந்தை உண்பவராயினும், தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கறுத்த மலம், சிவந்த சிறுநீர், நில்லாத மூக்குக் கசிவு, இதுவரை அறியாத கடுந்தலைவலி ஆகியவற்றுக்கும் அதுவே விதி. மாற்று மருந்துகள் உண்டு. காலம் தாழ்த்தினால் அவையும் பயன்படா.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய சித்ரா என்னும் செயற்கை இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது முதல், அந்நிய வால்வுக்கு விலைகொடுக்க இயலாத ஆயிரக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள். வால்வு கிடைத்தும், அதனைக் காக்கும் எண்ணைப் பார்ப்பதற்காக ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி நகரத்துக்கு வரவேண்டிய நிலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வராமல் போவதில் வியப்பென்ன? விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிஷங்களில் ஐ.என்.ஆர். சொல்லும் சிறு கருவிகள் இப்போது உள்ளன. அறுவைச் சிகிச்சைக்குத் தாராளமாக நன்கொடை தரும் அன்பர்களையும், இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர்களையும், இங்கு வந்துள்ள சுகாதாரத் துறை அதிகாரிகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அக்கருவியில் ஒன்றையும், அதனை இயக்கத் தெரிந்த ஒரு செவிலியரையும், நோயாளியின் கையில் கொடுக்க ஒரு குறிப்பேட்டையும் ஒவ்வொரு வட்டார மருத்துவமனைக்கும் கிடைக்கச் செய்யுங்கள்.